கொடியில் காய்பவை

பூசான், 1952

பொசு ஓடையின் பனிக்கட்டியை
மட்டையால் உடைத்துத்தான்
காலையைத் தொடங்க வேண்டும்.
முதல் லாரி ஏழு மணிக்கு.

துருக்கிக்காரன் சட்டையில் பூண்டு.
கிரேக்கன் சட்டையில் புகையிலை.
எத்தியோப்பியன் கழுத்துப்பட்டையில்
ஏதோ ஒரு வெண்ணெய், ஏலம் போட்டது.
கொலம்பியா என்றொரு நாடு இருப்பதை
கால்சட்டைப் பையில் கிடந்த
ஒற்றைக் காப்பிக்கொட்டை சொல்லித்தான் அறிந்தேன்.
பதினாறு தேசம் என்கிறார் துபாஷி ஹோ மான்சிக்.
நான் எண்ணியதில்லை.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்;
வெந்நீர் பட்டால் கறை குடியேறிவிடும்.
இது ஒன்று பதினாறுக்கும் பொது.

திமிங்கிலங்கள் மோதினால்
இறாலின் முதுகு முறியும் என்பது
எங்கள் பக்கத்துப் பேச்சு.
துறைமுகச் சந்தையில் மூன்று மாதம் இறால் உரித்தவள் நான்.
முறிவதற்கு அதற்கு முதுகெலும்பே கிடையாது.
வளையும்.
வளைந்தபடியே வேகும்.

கணவரை
முதல் கோடையில் வடக்கத்திப் படை கூட்டிப்போனது,
களையெடுத்த சேறு காலில் காய்வதற்குள்.
கொழுந்தனை
இலையுதிர்காலத்தில் தெற்கத்திப் படை,
அறுப்பு பாதியில் நிற்க.
இருவருக்கும் ஒரே அளவுப் பாதம்.
வீட்டில் ஒரே ஜோடி செருப்பு.
மூத்தவர் போட்டுக்கொண்டு போனார்.

ஹோ ஈர மணலில் படம் போட்டுக் காட்டினார்:
இங்கே வாஷிங்டன், இங்கே மாஸ்கோ,
இதோ நாம் என்று நடுவில் குச்சியால் குத்தினார்.
குத்திய குழியில்
தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒருநாள் வேறு மூட்டை வந்தது.
கைதி முகாம் துணி.
சிலருக்கு வீட்டுத் துணியிலேயே
வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு ஆங்கில எழுத்து.
பூண்டு இல்லை, வெண்ணெய் இல்லை.
பேன் மட்டும் அதே பேன்.
ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
இடது முழங்காலில் ஓர் ஒட்டு,
என் தையல், அங்கே இருக்க வேண்டும்.
மாலைக்குள் வெளுத்தாக வேண்டும் என்று
சார்ஜன்ட் கத்திக்கொண்டிருந்தான்.
நூற்றுப் பன்னிரண்டு கால்சட்டை.
நூற்றுப் பன்னிரண்டிலும் ஒட்டு இருந்தது,
யார் யாரோ தைத்தது.

சோப்பு சுற்றி வந்த செய்தித்தாளை
ஹோ வாசித்தார்.
கூடாரத்தில் பேச்சுவார்த்தை. கோடு எங்கே என்று வழக்கு.
ஒருவர் மேஜைமேல் ஒரு கொடி வைத்தாராம்.
மறுநாள் எதிராளி, ஒரு விரற்கடை உயரமாக.
அதற்கு மறுநாள் இவர்.
கடைசியில் கூடாரத்துக் கூரை இடித்ததாம்.
சிரித்தார். நானும் சிரித்தேன்,
காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறு
வலிக்கும் வரைக்கும்.

எனக்குத் தெரிந்த கொடி
இரண்டு மூங்கிலுக்கு நடுவே, தாழ்வாக,
என் கைக்கு எட்டுகிற உயரத்தில்.
எவன் சட்டையானாலும் அதில்
தலைகீழாகத்தான் தொங்கும்.

எட்டு நாளாக ஒரு சட்டையைக் கேட்டு
யாரும் வரவில்லை.
கழுத்தின் உட்புறம் மஞ்சள் நூலில் ஒரு பெயர்.
எறும்பு நடந்து போனதுபோல் எழுத்து.
ஹோவுக்கும் படிக்கத் தெரியவில்லை.
எத்தியோப்பியனாக இருக்கலாம் என்றார்,
பிறகு, இருந்திருக்கலாம் என்றார்.

கொழுந்தன் வருவதாகத் தகவல்.
இடது கையை மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறான்.
ராணுவத் துணி உடுத்தினால் பிடிப்பார்கள்;
கறுப்புச் சாயத்தில் முக்கிவிட்டால் கேட்கமாட்டார்கள்.
முக்கினேன்.
துணி கறுத்தது.
அந்த நூல் மட்டும் சாயம் ஏற்கவில்லை.

பிரித்துவிடலாம். ஊசி இருக்கிறது.
சட்டையைப் புரட்டி முடிச்சைத் தேடுகிறேன்.
கிடைத்துவிட்டது.
இரட்டை முடிச்சு, பல்லால் கடித்து இறுக்கியது.

ஏழு மணி லாரி
ஹாரன் அடிக்கிறது.